பட்ட மரத்தை விறகாக்கும் முன்: அது பட்டு எத்தனை நாளாயிற்று?

பச்சை மரத்தைச் சாய்க்கிறவர் அதன் நாரை நம்பித்தான் வெட்டுகிறார். சாய வேண்டிய பக்கத்தில் ஒரு வெட்டு, பின்பக்கத்தில் ஒரு வெட்டு, நடுவே இரண்டு மூன்று விரல் கனத்துக்கு வெட்டாமல் விட்ட நார். மரம் சாயும்போது அந்த நார் கதவின் கீல் போல மெல்ல வளைந்து, குறித்த திசையில் மரத்தைப் படுக்க வைத்துவிட்டுக் கடைசியில்தான் அறும். பட்ட மரத்தில் இது நடக்காது. ஈரம் வற்றிய நார் வளைவதற்கு முன்பே முறிந்துவிடும். பூஞ்சணம் பிடித்திருந்தால் ஊறிய அட்டை போலப் பிய்ந்துவரும். பாதி சாய்ந்த மரத்தைப் பிடித்துவைக்க எதுவும் இல்லாமல் போக, அது எந்தப் பக்கம் கனமோ அந்தப் பக்கம் திரும்பிவிடும்.

‘பட்டுப்போனதுதானே, சீக்கிரம் வேலை முடிந்துவிடும்’ என்று கூலியைக் குறைத்துப் பேசுவது ஆளை ஆபத்தில் தள்ளும் பேச்சு. பச்சை மரத்தைவிடப் பட்ட மரத்துக்குத்தான் கூடுதல் ஆளும், கூடுதல் நேரமும், கூடுதல் கூலியும் வேண்டும். எவ்வளவு கூடுதல் என்பது ஒரே கேள்வியில் அடங்கியிருக்கிறது: மரம் பட்டு எத்தனை நாளாயிற்று? எப்படி விழும், எப்படி எரியும், பொந்துக்குள் என்ன குடியிருக்கும் என்ற மூன்றுக்கும் பாதி விடை அதிலேயே கிடைத்துவிடும்.

பட்டதுதானா?

இலை இல்லாத மரமெல்லாம் பட்ட மரம் இல்லை. கோடையில் ஒதியனும் வாகையும் மொட்டையாகத்தான் நிற்கும். வாகையில் காய்ந்த நெற்றுகள் சலசலக்க, பார்க்கிறவர் செத்த மரம் என்றே நினைப்பார். வேம்பில் இன்னும் அதிகமாக ஏமாறுகிறோம். சில ஆண்டுகளாகத் தமிழ்நாட்டில் பல ஊர்களில் வேப்ப மரத்தின் நுனிக்கொழுந்துகள் கருகி, மரமே தீயில் வாட்டியதுபோல நிற்பதைப் பார்க்கிறோம். தேயிலைக் கொசு என்ற சாறு உறிஞ்சும் பூச்சியும், நுனியிலிருந்து பின்னோக்கிக் காய வைக்கும் ஒரு பூஞ்சணமும் இதற்குக் காரணம். இப்படிக் கருகிய வேம்புகளில் பெரும்பாலானவை வெயில் ஏறியதும் மறுபடி துளிர்த்துவிடுகின்றன. மார்கழியில் பார்த்துவிட்டு வெட்ட நாள் குறிப்பது அவசரம்.

சோதிக்க ஒரு பேனாக்கத்தி போதும். சுண்டுவிரல் கனமுள்ள கிளை, கைப்பிடி கனமுள்ள கிளை, அடிமரத்தில் நான்கு பக்கம் என்று பட்டையை நகக்கண் அளவு சுரண்டிப் பாருங்கள். பட்டைக்கு அடியில் பச்சையும் ஈரமும் இருந்தால் அந்த இடம் உயிரோடு இருக்கிறது. கிளைகள் காய்ந்து அடிமரம் மட்டும் பச்சை என்றால் காய்ந்ததைக் கழித்துவிட்டு ஒரு மழைக்காலம் பொறுத்துப் பார்க்கலாம். எல்லா இடத்திலும் காய்ந்து பழுப்பாக இருந்தால்தான் அது பட்ட மரம். அடிமரத்தில் கரையான் மண் பூசியிருப்பதை மட்டும் வைத்து முடிவுக்கு வரக் கூடாது. நல்ல மரத்தில்கூடக் கரையான் மேல்பட்டையின் காய்ந்த செதிலைத் தின்ன மண்ணைப் பூசி ஏறும். அந்த மண்ணைத் தட்டிவிட்டு உள்ளே பார்க்க வேண்டும்.

நாள் கணக்கு

செத்த நாளைச் சொல்ல யாரும் இல்லாவிட்டாலும் மரமே சொல்லும். ஈர்க்குச்சி போன்ற நுனிகள் இன்னும் ஒட்டிக்கொண்டு, பட்டை இறுக்கமாக இருந்தால் சில மாதங்கள்தான் ஆகியிருக்கும். இந்த மரத்தின் அடியில் இன்னும் ஈரம் இருக்கும். நாரும் ஓரளவு வளையும். வெட்டுவதற்கு இதுதான் நல்ல கட்டம். விறகை வெட்டிய பிறகு காய வைக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

நுனிக்குச்சிகள் உதிர்ந்து, பட்டை கையால் நெம்பினால் கழன்றுவந்தால் அடுத்த கட்டம். பட்டைக்கு அடியில் வண்டுப்புழு அரித்த தடமும், மாவு போன்ற உளுத்தூளும் தெரியும். முதலில் போவது வெளிறு, அதாவது பட்டையை ஒட்டிய வெளுத்த பகுதி. வைரம் பாய்ந்த நடுப்பகுதி அப்படியே இருக்கும். புளி, கருவேலம், சீமைக்கருவேலம், வைரம் முற்றிய வேம்பு ஆகியவை இந்தக் கட்டத்தில் ஒன்றிரண்டு ஆண்டு தாங்கும். முருங்கை, இலவம், ஒதியன், மா போன்றவற்றுக்கு வைரம் இல்லை, அல்லது குறைவு. அவை ஒரு மழைக்காலம் முடிந்தாலே உள்ளே பஞ்சாகிவிடும்.

கை கனமுள்ள கிளைகள் தாமாக விழத் தொடங்கி, அடிமரத்தில் அல்லது தூரில் காளானும் அடுக்கடுக்கான கட்டைக் குடைகளும் முளைத்திருந்தால் மூன்றாம் கட்டம். மேலே தெரியும் மரத்தைவிட மண்ணுக்குள் இருக்கும் வேர் அதிகமாக இற்றுப்போயிருக்கும். தூரைச் சுற்றி மண் வெடித்திருந்தாலோ ஒரு பக்கம் மேடு தட்டியிருந்தாலோ மரம் நகரத் தொடங்கிவிட்டது என்று பொருள். இப்படிப்பட்ட மரத்தடியில் நின்று வெட்டுவது வேண்டாம். தூரத்திலிருந்து கயிறு கட்டி இழுக்கவோ, இயந்திரம் வைத்துச் சாய்க்கவோ வழி இருந்தால் பார்க்கலாம். வீடு, பாதை, மின்கம்பி எதற்கும் எட்டாத இடத்தில் நின்றால் அப்படியே விட்டுவிடலாம். விறகுக்கும் அது பெரிதாக உதவாது.

தட்டுவதும் துளைப்பதும்

கோடாலியின் முதுகால் அடிமரத்தைச் சுற்றி முழங்கால் உயரம், இடுப்பு உயரம், நெஞ்சு உயரம் என்று தட்டிக் கேட்க வேண்டும். அதற்கு முன் தலைக்கு மேலே எந்தக் கிளை தொங்குகிறது என்று பார்த்துவிட வேண்டும், ஏனென்றால் தட்டும் அதிர்வே காய்ந்த கொம்பை இறக்கிவிடும். கெட்டியான மரம் கணீரென்று சொல்லும். பொந்து விழுந்தது மத்தளம் போல ஒலிக்கும். அழுகி ஊறியது ‘மொத்’ என்று ஓசையை விழுங்கிவிடும்.

சந்தேகமான இடத்தில் 8 அல்லது 10 மி.மீ. துளைக்கம்பியால் நடுவை நோக்கித் துளையுங்கள். கம்பி சீராகப் போராடி, வெளுத்த காய்ந்த சுருள்கள் வந்தால் நல்லது. திடீரென்று எதிர்ப்பே இல்லாமல் உள்ளே போனால் அந்த இடத்தில் பொந்து தொடங்குகிறது. கம்பியில் அடையாளம் வைத்து, கெட்டிச் சுவர் எவ்வளவு என்று அளந்துகொள்ளலாம். கெட்டிச் சுவரின் கனம் மரத்தின் ஆரத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறைந்தால் அந்த இடத்தில் மரம் முறியக்கூடியது என்று எடுத்துக்கொள்வது வழக்கம். 60 செ.மீ. விட்டமுள்ள மரத்துக்கு ஆரம் 30 செ.மீ.; சுவர் 10 செ.மீ.க்குக் குறைவாக இருந்தால் அங்கே வெட்டுப் போடாமல், கெட்டியான இடம் எந்த உயரத்தில் தொடங்குகிறதோ அங்கே போட வேண்டும். அந்த இடம் இடுப்புக்கு மேலே போனால் கையால் அறுக்கும் வேலை முடிந்தது. தோளுக்கு மேல் ரம்பத்தைத் தூக்கி அறுப்பவரால் ஒதுங்கி ஓட முடியாது.

பொந்து இருந்தால் குடியிருப்பும் இருக்கும். கதண்டு கூடு கட்டிய மரத்தில் ஒரே ஒரு அதிர்வு போதும், ஊரே ஓட வேண்டிவரும். கதண்டு கொட்டி உயிர் போன சம்பவங்கள் காவிரிப் படுகையில் அடிக்கடி செய்தியாகின்றன. பொந்தின் வாயை இரண்டு நாள், காலையும் மாலையும் தள்ளி நின்று பார்த்து, குளவியோ தேனீயோ போய்வந்தால் தீயணைப்புத் துறையைக் கூப்பிட்டு அப்புறப்படுத்திய பிறகே கருவியை எடுக்க வேண்டும். கிளி, புள்ளி ஆந்தை, உடும்பு ஆகியவையும் பட்ட மரத்துப் பொந்தை நம்பி இருக்கின்றன. 1972-ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் இவற்றைக் காக்கிறது. தை முதல் சித்திரை வரை பெரும்பாலும் குஞ்சு வளர்க்கும் காலம். அதனால்தான் வைகாசியில் வெட்டுவது பல வகையிலும் பொருந்துகிறது. குஞ்சுகள் பறந்திருக்கும், ஆடிக் காற்று இன்னும் பிடித்திருக்காது. மரம் சாய்க்க ஆகாத அந்த ஆடிக் காற்றே வெட்டி அடுக்கிய விறகை ஐப்பசி மழைக்கு முன் காய வைத்துக் கொடுத்துவிடும்.

யாருடைய மரம்?

பட்டுப்போனதால் மரம் பொதுச்சொத்து ஆகிவிடாது. காப்புக்காட்டில் கீழே கிடக்கும் சுள்ளிகூட 1882-ஆம் ஆண்டின் வனச் சட்டப்படி வன விளைபொருள்தான். ஏரிக்கரை, கண்மாய், சாலையோரப் புறம்போக்கு மரங்கள் அரசுக்குச் சொந்தம். கிராம நிர்வாக அலுவலர் வழியாக வருவாய்த் துறையிடமோ, சாலை யாருடையதோ அந்தத் துறையிடமோ எழுதிக் கொடுத்து அனுமதி பெற வேண்டும். சந்தனம், ஈட்டி, தேக்கு போன்றவை சொந்தப் பட்டா நிலத்தில் பட்டு நின்றாலும் வனத்துறையிடம் கேட்காமல் தொடக் கூடாது. அறிவிக்கப்பட்ட மலைப்பகுதிகளுக்கு 1955-ஆம் ஆண்டிலிருந்தே தனிச் சட்டம் உண்டு. பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021-இல் வேளாண் நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்டது. வெட்டும் முன் நான்கு பக்கமிருந்தும் படம் எடுத்து வைத்துக்கொள்வது, மரம் பட்டுத்தான் இருந்தது என்று பின்னால் காட்ட உதவும்.

சாய்க்கும் முறை

முதலில் உயரம். கண்ணிலிருந்து நீட்டிய கையின் முட்டி வரை எவ்வளவு நீளமோ அதே நீளம் முட்டிக்கு மேலே நிற்குமாறு ஒரு குச்சியைச் செங்குத்தாகப் பிடியுங்கள். முட்டி தூரிலும் குச்சி நுனி மர உச்சியிலும் பொருந்தும்வரை பின்னால் நடந்து, நின்ற இடத்திலிருந்து தூர்வரை அளந்தால் அதுவே ஏறக்குறைய மரத்தின் உயரம். வெட்டுகிறவரைத் தவிர வேறு யாரும் அந்த உயரத்தின் இரண்டு மடங்கு தூரத்துக்குள் இருக்கக் கூடாது. பச்சை மரம் விழுந்த இடத்தில் படுக்கும். பட்ட மரத்தின் உச்சிக் கொம்புகள் தரையில் மோதி உடைந்து சில்லுகளாகப் பறக்கும். அதனால்தான் இந்த இரண்டு மடங்கு. மின்கம்பி இந்த வட்டத்துக்குள் வந்தால் மின்வாரியத்துக்குச் சொல்லி மின்சாரத்தை நிறுத்தாமல் வேலையைத் தொடங்கக் கூடாது.

பிறகு ஓடும் வழி. விழும் திசைக்கு நேர் பின்னால் ஓடக் கூடாது, ஏனென்றால் அடிமரம் பின்னோக்கி உதைப்பது உண்டு. பின்பக்கமாக இடமும் வலமும் சாய்வாக இரண்டு தடங்களை, குறைந்தது 5 மீட்டருக்கு, முள்ளும் கொடியும் கல்லும் இல்லாமல் சுத்தம் செய்துவைக்க வேண்டும். சீமைக்கருவேலத்தில் இந்த வேலைக்கே அரைமணி நேரம் போகும். காய்ந்த முள் ரப்பர் செருப்பைத் துளைத்துக்கொண்டு பாதத்தில் ஏறும், தடத்தில் ஒன்றைக்கூட விடக் கூடாது. கெட்டியான பூட்ஸ், தலைக்கவசம், கண்ணாடி, கால்சட்டை ஆகியவை கட்டாயம். வேட்டியோ லுங்கியோ கட்டிக்கொண்டு செயின் ரம்பத்தைப் பிடிக்கக் கூடாது.

திசையைப் பொறுத்தவரை ஒரே விதி: மரம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறதோ அந்தப் பக்கமே விழட்டும். பச்சை மரத்தை அதன் சாய்விலிருந்து சற்றுத் திருப்பி விழவைக்க முடிவது நாரின் தயவால். பட்ட மரத்தில் அந்தத் தயவு இல்லை. சாய்ந்த பக்கம் கூரை இருந்தால், அது விறகு வெட்டுகிறவர் செய்யும் வேலை அல்ல. தூக்கும் இயந்திரத்தோடு துண்டு துண்டாக இறக்குகிறவரின் வேலை. பட்ட மரத்தில் ஏறிக் கழிப்பதும் கூடாது. ஆளைத் தாங்கும் கிளை எது, தாங்காதது எது என்று கீழிருந்து பார்த்துச் சொல்லவே முடியாது.

40 செ.மீ. விட்டமுள்ள, நடு கெட்டியான மரத்தை எடுத்துக்கொள்வோம். விழ வேண்டிய பக்கத்தில் ஆப்பு வடிவத்தில் ஒரு வாய் வெட்ட வேண்டும். ஆழம் விட்டத்தில் ஐந்தில் ஒன்றிலிருந்து நான்கில் ஒன்றுக்குள், அதாவது 8 முதல் 10 செ.மீ.; வாயின் திறப்பு சுமார் 70 பாகை. மேல்வெட்டும் கீழ்வெட்டும் ஒரே கோட்டில் சந்திக்க வேண்டும். ஒன்று மற்றதைத் தாண்டிப் போனால் கீலாக நிற்க வேண்டிய நாரை அங்கேயே அறுத்துவிட்டோம் என்று பொருள். பின்வெட்டை வாயின் மூலையைவிட 2 முதல் 4 செ.மீ. உயரத்தில், மட்டமாக நடத்த வேண்டும். பச்சை மரத்தில் விடும் கீலின் கனம் விட்டத்தில் பத்தில் ஒன்று, இங்கே 4 செ.மீ. பட்ட மரத்தில் இன்னும் ஒரு சென்டிமீட்டர் கூட்டி விட்டுவிட்டு, மீதியைக் கயிற்றால் இழுத்து முடிப்பதே நல்லது. பொந்து மரத்தில் நடுவில் நாரே இல்லை; இரண்டு ஓரச் சுவர்கள்தான் கீல். எனவே வாயின் ஆழம் முன்சுவரின் கனத்தைத் தாண்டக் கூடாது.

ஆப்பு அடிப்பதில் பலர் தவறுகிறார்கள். பின்வெட்டில் ஆப்பை வைத்துச் சம்மட்டியால் ஓங்கி அடிப்பது பச்சை மரத்துக்குச் சரி. பட்ட மரத்தில் ஒவ்வோர் அடியின் அதிர்வும் உச்சிக்குப் போய், காய்ந்த கொம்பை அடிப்பவர் தலையிலேயே இறக்கும். ஆப்பு, வெட்டு இறுகாமல் இருக்கக் கையால் செருகி வைப்பதற்கு மட்டும். சாய்க்கும் விசை கயிற்றிலிருந்து வர வேண்டும். வெட்டுத் தொடங்கும் முன்பே மெல்லிய நூல் கயிற்றில் கனம் கட்டி எறிந்து, மரத்தின் பாதி உயரத்துக்கு மேல் கெட்டியாகத் தெரியும் ஒரு கவையில் வடத்தை மாட்டிக்கொள்ள வேண்டும். இழுப்பவர்கள் முன்னே சொன்ன இரண்டு மடங்கு தூரத்துக்கு வெளியே நிற்கும் அளவுக்கு வடம் நீளமாக இருக்க வேண்டும். இழுப்பவர்கள் மரம் விழும் நேர்கோட்டில் நிற்காமல், எதிரே உள்ள ஒரு கெட்டி மரத்தில் கப்பி போட்டுப் பக்கவாட்டிலிருந்து இழுக்கலாம். மெல்ல, சீராக இழுக்க வேண்டும். டிராக்டரில் கட்டி வெடுக்கென்று இழுத்தால் மரம் நடுவில் ஒடிந்து, மேல்பாதி பின்னால் விழும்.

மண் அள்ளும் இயந்திரத்தால் தள்ளுவதிலும் இதே ஆபத்துதான். ஓட்டுநர் இயந்திரத்தின் கையை உயர்த்தி மரத்தின் மேல்பகுதியில் தள்ளினால் பட்ட மரம் அந்த இடத்தில் முறிந்து கூண்டின் மேலேயே விழக்கூடும். தூரைச் சுற்றித் தோண்டி, விழும் பக்கத்துக்கு எதிர்ப்பக்க வேர்களை அறுத்துவிட்டு, தாழ்வாக, மெதுவாகத் தள்ள வேண்டும்.

கோடாலி மட்டும் வைத்து வேலை செய்கிற இடங்களில், மரத்தைச் சுற்றிச் சுற்றிக் கொத்தி, எலி கடித்த கரும்பு போல நடுவில் ஒல்லியாக்கிவிட்டு விழட்டும் என்று காத்திருக்கும் பழக்கம் இருக்கிறது. கீல் என்று எதுவும் இல்லாததால் அது எந்தப் பக்கமும் விழலாம். ஒரு காற்று வீசினாலே போதும். கோடாலியானாலும் முன்பக்கம் வாய், பின்பக்கம் வெட்டு என்ற முறையை மாற்றக் கூடாது.

அதிகம் சாய்ந்த மரத்தில் இன்னொரு ஆபத்து உண்டு. பின்வெட்டு பாதி போகும்போதே அடிமரம் நெடுக்காகப் பிளந்து, பின்பாதி ஆள் உயரத்துக்கு மேல் எகிறும். முகத்துக்கு நேரே வரும் அந்த அடியில் தப்புவது அரிது. வெட்டுக்கு மேலே இரும்புச் சங்கிலியை இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்குவது ஒரு காப்பு. தேர்ந்தவர்கள் ரம்ப நுனியைக் கீலுக்குப் பின்னால் ஊடுருவ விட்டு உள்பகுதியை முதலில் அறுத்து, பின்னோரத்தில் ஒரு பட்டையைக் கடைசிவரை பிடிப்பாக விட்டுவைப்பார்கள். பழகாதவர் செயின் நுனியை மரத்துக்குள் செலுத்தினால் ரம்பம் பின்னால் எகிறி முகத்துக்கு வரும். அதனால் பக்கத்தில் நின்று கற்றுக்கொடுக்க ஆள் இல்லாமல் செய்து பார்க்க வேண்டாம்.

மரம் பாதியில் பக்கத்து மரத்தில் மாட்டிக்கொண்டால் தாங்கி நிற்கும் மரத்தை வெட்டக் கூடாது, மாட்டிய மரத்தின் அடியில் போகவும் கூடாது. தூரைச் செயின் பிளாக்கால் பின்னோக்கி இழுத்து இறக்க வேண்டும். அது முடியும்வரை இடத்தைக் கயிறு கட்டி மறித்து வைக்க வேண்டும்.

புயலில் வேரோடு சாய்ந்த மரத்துக்குக் கணக்கே வேறு. 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையேறியபோது படுகை மாவட்டங்களில் சாய்ந்த மரங்களை வெட்டியவர்களுக்கு இது தெரிந்திருக்கும்: அடிமரத்தை அறுத்துப் பிரித்ததும், மண்ணோடு எழும்பி நின்ற வேர்த்தட்டு சட்டென்று குழிக்குள் திரும்பி உட்காரும். குழிக்குள் யாரும், ஆடுமாடும் குழந்தைகளும்கூட, இருக்கக் கூடாது. வேர்த்தட்டை முட்டுக்கொடுத்து நிறுத்திவிட்டுத்தான் அறுக்க வேண்டும்.

முழு மரம் வெட்டாமல் காய்ந்த கிளையை மட்டும் தொரட்டியால் இழுத்து விறகு சேர்ப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். கிளைக்கு நேர் கீழே நின்று இழுப்பதுதான் தலையில் அடிபடக் காரணம். தொரட்டி தரையோடு சாய்வாக இருக்குமாறு தள்ளி நிற்க வேண்டும். கழியின் நீளம் போதாவிட்டால் கொக்கியில் கயிறு கட்டித் தள்ளி நின்று இழுக்க வேண்டும்.

ரம்பம்

பட்ட மரம் ரம்பத்தைச் சீக்கிரம் மழுக்கும். காய்ந்த வைரம் ஒரு காரணம் என்றால், கரையான் மண் அதைவிடப் பெரிய காரணம். வெட்டும் இடத்தில் மண்ணைச் சுரண்டி, பட்டையை உரித்துவிட்டு அறுத்தால் செயின் இரண்டு மடங்கு நேரம் தாங்கும். செதில் செதிலாக வர வேண்டிய மரத்தூள் மாவாக வந்தால் செயின் மழுங்கிவிட்டது. அழுத்தி அறுக்காமல் அரம் போடுங்கள். சாலையோர மரத்திலும் கோயில் மரத்திலும் ஆணியும் வேலிக்கம்பியும் புதைந்திருக்கும், பட்டையில் கறுத்த கறை தெரிந்தால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள். எரிபொருள் கலவை பெரும்பாலான புதிய இயந்திரங்களுக்கு 1 லிட்டர் பெட்ரோலுக்கு 20 மி.லி. டூ-ஸ்ட்ரோக் ஆயில். கையேட்டில் வேறு அளவு இருந்தால் அதுவே சரி. காய்ந்த சருகின் மேல் வைத்துப் பெட்ரோல் ஊற்றக் கூடாது.

தென்னையும் பனையும்

இவற்றை மரக்கணக்கில் சேர்க்கவே கூடாது. நார்க்கற்றைகள் வெளிவட்டத்தில் நெருக்கமாகவும் நடுவில் பஞ்சுபோலவும் இருப்பதால், பட்ட தென்னையின் நடு முதலில் அழுகும். வெளியே தூண்போல நின்றாலும் உள்ளே ஊறிய சோறுதான். சிவப்புக் கூன்வண்டு குடைந்து செத்த தென்னையின் தலைப்பகுதி எந்த நேரமும் தனியாக விழும். தஞ்சாவூர் வாடல் நோயில் செத்ததென்றால் அடித்தண்டிலும் வேரிலும் அழுகல் இருக்கும். விறகாகத் தென்னைத்தண்டு மட்டமானது. நீரைத் தேக்கி வைத்துக்கொண்டு, புகைந்து புகைந்துதான் எரியும். மட்டையும் பாளையும் பன்னாடையும் அடுப்புப் பற்றவைக்க நல்லவை. ஆனாலும் பட்ட தென்னையைத் தோப்பில் விட்டுவைக்கக் கூடாது. அழுகும் தண்டுக்குள்தான் காண்டாமிருக வண்டு முட்டையிட்டுப் பெருகி, மற்ற தென்னைகளின் குருத்தைத் தின்ன வரும்.

பட்ட பனை வேறு. வெளிவைரம் பல ஆண்டு நிற்கும், தலை போன மொட்டைப் பனையில் கிளி குடியேறும். யாருக்கும் இடையூறு இல்லாத மொட்டைப் பனையை விறகுக்காக வெட்டுவது வீண்வேலை என்றே சொல்ல வேண்டும்.

எவ்வளவு தேறும்?

மரவாடியில் வழக்கமான கணக்கு, சுற்றளவில் கால்பங்கைத் தன்னோடு பெருக்கி நீளத்தால் பெருக்குவது. 48 அங்குலச் சுற்றளவும் 12 அடி நீளமும் உள்ள அடிமரத்துக்குக் கால்பங்கு 1 அடி. எனவே 12 கன அடி. பலகைக்கான கழிவை விட்டுவிட்டுச் சொல்லும் கணக்கு இது. விறகில் கழிவு கிடையாது என்பதால் உண்மையான கன அளவு சுமார் 15.3 கன அடி. கன அடிக்கு 21 கிலோ எடையுள்ள காய்ந்த கெட்டி மரமானால் ஏறக்குறைய 320 கிலோ. நடுவில் 8 அங்குல விட்டத்தில் பொந்து இருந்தால் 4.2 கன அடி போய்விடும். மிஞ்சுவது 235 கிலோவுக்குக் கிட்டத்தட்ட. பட்ட மரத்தை நின்ற நிலையில் விலை பேசுகிறவர்கள் துளைத்துப் பார்க்காமல் பேசினால் இந்தக் கால்பங்குக்கும் சேர்த்துப் பணம் கொடுத்துவிடுகிறார்கள்.

ஈரக் கணக்கும் இப்படித்தான். உலர்ந்த விறகு எந்த மரமானாலும் கிலோவுக்கு ஏறக்குறைய 18 முதல் 20 மெகாஜூல் வெப்பம் தரும். சவுக்கு உயர்த்தி, முருங்கை மட்டம் என்பதெல்லாம் அடர்த்தியின் வேறுபாடு. ஒரே அளவு கட்டையில் சவுக்கு அதிக எடை நிற்கும், அதனால் அதிக நேரம் எரியும். எடை போட்டு வாங்கும்போது கேட்க வேண்டியது ஈரம் எவ்வளவு என்பதைத்தான். பாதி எடை நீராக உள்ள 1 டன் பச்சை விறகில் மரம் 500 கிலோ. ஐந்தில் ஒரு பங்கு நீருள்ள 1 டன்னில் 800 கிலோ. நின்ற நிலையில் பட்ட மரம் என்றாலே காய்ந்தது என்றும் நம்பக் கூடாது. கிளைகள் காய்ந்திருக்கும், பட்டை மூடிய அடிமரம் ஓர் ஆண்டு கழித்தும் ஈரமாகவே இருக்கும். பட்டை உரியாத, மழை நனைந்த மரத்தில் இது இன்னும் மோசம்.

அடுப்புக்கு ஒன்று ஒன்றரை அடித் துண்டுகள் போதும். தரையில் கிடக்கும் அடிமரத்தை அறுக்கும்போது இரண்டு முனையும் தாங்கி நடு தொங்கினால் மேல்பக்கம் இறுக்கத்தில் இருக்கும்: மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு அறுத்து, பிறகு கீழிருந்து முடிக்க வேண்டும். ஒரு முனை அந்தரத்தில் நின்றால் முதலில் கீழிருந்து, பிறகு மேலிருந்து. இதை மாற்றிச் செய்தால் ரம்பம் சிக்கிக்கொள்ளும். பிளப்பதற்குக் காய்ந்த வெடிப்புக் கோட்டைப் பின்பற்றி ஆப்பு வையுங்கள். புளியின் நார் ஒன்றோடொன்று பின்னியிருப்பதால் நடுவில் அடித்துப் பயன் இல்லை, ஓரத்திலிருந்து சிராய் சிராயாகப் பெயர்த்துக்கொண்டு வர வேண்டும்.

அடுக்குவது வீட்டுச் சுவரை ஒட்டி வேண்டாம். கரையானும் பாம்பும் அந்த வழியில்தான் உள்ளே வரும். செங்கல் மேல் அரை அடி உயர்த்தி, காற்று குறுக்கே போகுமாறு, மேலே மட்டும் தகரம் போட்டுப் பக்கங்களைத் திறந்து விடுங்கள். தார்ப்பாயால் முழுதாகப் போர்த்தினால் உள்ளேயே வேர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். நடு அடுக்கிலிருந்து ஒரு கட்டையை எடுத்து அடையாளம் வைத்து, வாரம் ஒரு முறை எடை போடுங்கள். இரண்டு வாரம் எடை குறையாமல் நின்றால் விறகு தயார்.

அரளி, மஞ்சள் அரளி, தில்லை ஆகியவற்றின் கட்டை எவ்வளவு காய்ந்திருந்தாலும் அடுப்பில் வைக்கக் கூடாது, புகையே நஞ்சு. பெயின்ட் அடித்த, பூச்சிமருந்து ஏற்றிய பழைய மரச்சாமான்களும் அப்படித்தான். பஞ்சாகிப்போன வெளிறையும் இற்ற அடித்தூரையும் அடுப்புக்குக் கொண்டுபோக வேண்டாம். அவை மழைநீரை உறிஞ்சிப் புகையத்தான் செய்யும். வேலியோரத்தில் நிழலாகப் போட்டுவைத்தால் மண்ணாகும். தென்னந்தோப்பு பக்கத்தில் இருந்தால் மட்டும் அப்படி விடாமல் துண்டாக்கி வெயிலில் காய வைத்து எரித்துவிடுங்கள்.